இருநூற்றுப் பன்னிரண்டு தொடக்கங்கள்

அந்த வீட்டில் ஐந்து நாற்காலிகள் இருந்தன. அவற்றில் எதிலாவது பம்பரத்தம்மா உட்கார்ந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. சாப்பிடுவது நின்றபடி, தலை வாருவது நடந்தபடி, தொலைபேசியில் பேசத் தொடங்கினால் அடுப்படிக்கும் வாசலுக்குமாகக் குறைந்தது பதினைந்து நடை. பிறப்புச் சான்றிதழில் அவருக்கு வேறு பெயர் உண்டு. திருமணமான மூன்றாம் நாள் கணவர் 'பம்பரம்' என்று கூப்பிட்டார். பின்னாளில் ஊர் அதனோடு ஓர் 'அம்மா'வைச் சேர்த்து மரியாதை செய்துகொண்டது.

தபால் அலுவலக மாடியில், இருபத்திரண்டு படிகளுக்கு மேல், மூன்று அறைகளில் இயங்கிய கிளை நூலகத்தில் அவர் உதவியாளர். நூல்களைக் கொடுப்பது, திரும்ப வாங்குவது, கடைசி அட்டையின் உட்புறம் ஒட்டியுள்ள தேதித்தாளில் முத்திரை குத்துவது ஆகியவை அவருடைய வேலை. ஆண்டு முடிவில் இன்னொரு வேலையும் உண்டு. பத்து ஆண்டுகளாக முத்திரையே விழாத நூல்களைப் பொறுக்கிப் பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலில் ஏறியவை சாக்கில் கட்டப்பட்டுக் காகித ஆலைக்குப் போகும். கழிவுப் பட்டியல் என்று அதற்குப் பெயர்.

வேலைக்குச் சேர்ந்த முதலாண்டில் அவர் அந்தப் பட்டியலை ஒரே நாளில் போட்டு முடித்தார். சுறுசுறுப்புக்காக அப்போதைய நூலகர் பாராட்டவும் செய்தார். அடுத்த மாதம் ஒருவர் படியேறி வந்தார். நாற்பது வயதிருக்கும், கப்பலில் வேலை, சட்டைப்பையில் திரும்பிப் போவதற்கான பயணச்சீட்டு. கிணறு வெட்டுகிறவர்களிடம் கேட்டுத் தொகுத்த கதைகள், பச்சை அட்டை, ஒல்லியான புத்தகம், இருக்கிறதா என்று கேட்டார். பதினாலு வயதில் அதைப் பாதி படித்துக்கொண்டிருந்தபோதுதான் அவரை வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"இல்லைங்க. போன மாசம் கழிச்சுட்டோம்."

"அப்படியா?" அவர் உடனே போய்விடவில்லை. "பரவாயில்லம்மா. நீங்க படிச்சிருப்பீங்கள்ல? அந்த நாலாவது கிணத்துல கடைசியில தண்ணி வந்துச்சா?"

பம்பரத்தம்மாவுக்கு அந்தப் புத்தகத்தின் எடை நினைவிருந்தது. பச்சை அட்டையின் மூலை நைந்திருந்ததும் நினைவிருந்தது. ஆனால் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் சாக்கில் போட்டிருந்தார். அந்த மனிதர் படியிறங்கும் ஓசையை இருபத்திரண்டு வரை எண்ணியதாகப் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். உட்கார முடியாமல் போனது அன்றைக்குத்தான் என்று அவர் சொல்வார். அதற்கு முன்பும் அவள் உட்கார்ந்ததில்லை என்பது கணவரின் சாட்சியம்.

அன்றிலிருந்து தமக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டார். எந்த நூலும் திறக்கப்படாமல் போகக்கூடாது. பத்தாண்டு நெருங்குகிற நூல் ஒவ்வொன்றும் ஒருமுறையாவது ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே பத்துப் பக்கமாவது ஒருவர் காதில் விழ வேண்டும். அதன் பிறகே முத்திரை.

ஊழியர்கள் எடுக்கும் நூல் கணக்கில் சேராது என்பது சட்டம். ஆகவே மாமனாரின் அட்டை பயன்பட்டது. மாமனார் கொத்தனார். எழுதப் படிக்கத் தெரியாது. உறுப்பினர் படிவத்தில் கைநாட்டு வைத்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபின் ஆறு ஆண்டுகள் சன்னலோரக் கட்டிலிலேயே கிடந்தார். மருமகள் மாதம் இரண்டு நூல்களைக் கொண்டுவந்து, அறைக்குள் நடந்தபடியே அவருக்கு வாசித்தார். பத்தாம் பக்கம் முடிந்ததும் மூடிவிடுவார். அடுத்த வாசிப்பில் வேறு நூல் வந்து நிற்கும்.

"ஏம்மா, எல்லாக் கதைக்கும் வாசல்வரைக்கும்தான் கூட்டிட்டுப் போற. உள்ள விடவே மாட்டியா?" என்று மாமனார் கேட்பார்.

"வரிசையில இன்னும் எத்தனையோ நிக்குது மாமா. ஒண்ணையே பிடிச்சுக்கிட்டு இருந்தா மத்ததெல்லாம் சாக்குக்குப் போயிடும்."

நூலகத்துக்குக் கணினி வந்த வாரமும் மாமனார் இறந்த வாரமும் ஒன்றாகவே அமைந்தன. உறுப்பினர் பெயர்களைக் கணினியில் ஏற்றும் வேலை பம்பரத்தம்மாவுடையது. துக்கம் முடிந்து திரும்பியவர், அட்டைகளை வரிசையாக எடுத்துத் தட்டச்சு செய்துகொண்டே வந்தார். மாமனாரின் அட்டையும் வந்தது. இறந்தவர் என்று குறிக்க ஒரு கட்டம் இருந்தது. பம்பரத்தம்மாவின் பையில் அப்போது இரண்டு நூல்கள் இருந்தன. இரண்டும் பட்டியலின் விளிம்பில் நின்றவை. இந்த ஒரு மாதம் மட்டும் என்று அந்தக் கட்டத்தைத் தாண்டினார்.

அந்த ஒரு மாதம் ஒன்பது ஆண்டுகளாக நீண்டது. நூற்றெட்டு மாதங்களில் இரண்டு மட்டுமே விடுபட்டிருக்கின்றன. ஒன்றில் மகளின் பிரசவம். மற்றொன்றில் அவருடைய கணுக்கால் பிசகல். எஞ்சிய நூற்றாறு மாதங்களில், மாதத்துக்கு இரண்டாக, இருநூற்றுப் பன்னிரண்டு நூல்களை மறைந்த கொத்தனார் எடுத்துச் சென்றதாகக் கணினியில் பதிவாயிற்று. விதி மட்டும் மீறப்படவில்லை. காலையில் கணவர் முகம் மழிக்கும் வேளையில், அவருக்குப் பின்னால் நடந்தபடி பம்பரத்தம்மா பத்துப் பத்துப் பக்கமாக வாசித்துக்கொண்டேயிருந்தார்.

பேருந்து ஓட்டுநரான கணவர் தொடக்கத்திலேயே எச்சரித்திருக்கிறார். "எங்கப்பா உயிரோட இருந்தப்ப அவருக்கு அ-னா ஆ-வன்னா தெரியாது. இப்ப மாசம் ரெண்டு புத்தகம் முடிக்கிறாரு. மேல பள்ளிக்கூடம் நல்லாத்தான் நடக்குது போல. ஒருநாள் மாட்டுவ பாரு."

மாட்டியது ஒரு வியாழக்கிழமை. நூலகர், பம்பரத்தம்மாவைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், தொலைபேசியை வைத்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"அம்மா, நம்ம கிளைக்குப் பெரிய கௌரவம்! கணினி வந்ததிலிருந்து எல்லாக் கிளைக்கும் சேர்த்து அதிகமா புத்தகம் எடுத்த வாசகர் யாருன்னு கணக்குப் பார்த்திருக்காங்க. உங்க மாமனார்தானாம்! வேற யாரும் தொடாத புத்தகமா எடுத்திருக்காரேன்னு தலைமை அலுவலகமே அசந்துபோயிடுச்சு. திங்கக்கிழமை வீட்டுக்கே வந்து சான்றிதழ் தர்றாங்க."

பம்பரத்தம்மா கையிலிருந்த முத்திரைக்கட்டை மேசையில் உருண்டது. நூலகர் அந்தக் கிளைக்கு வந்து இரண்டாண்டுகள்தான் ஆகியிருந்தன. கொத்தனாரை அவர் பார்த்ததில்லை. பம்பரத்தம்மா சொல்லிவிட வாயெடுத்தார். அதற்குள் நூலகர், "வயசானவர், அலைய விடாதீங்க, நாங்களே வர்றோம்" என்று சொல்லிவிட்டு, அந்தச் செய்தியைக் கீழே தபால் அலுவலகத்தில் சொல்ல இறங்கிப் போய்விட்டார்.

வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த மூன்று நாள்களில் அவர் வீட்டிலிருந்த அலமாரிகள் அனைத்தையும் இருமுறை அடுக்கினார். துவைத்ததையே மறுபடி துவைத்தார். நூலகர் வீட்டுத் தெருமுனை வரை இருதடவை நடந்துபோய்த் திரும்பினார். வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லாமலில்லை. அதைவிட வேறொன்று அவரைக் கடித்துக்கொண்டிருந்தது. அட்டை செல்லாது என்றால் முத்திரைகளும் செல்லா. இருநூற்றுப் பன்னிரண்டும் ஒரே மூச்சில் சாக்குக்குப் போய்விடும்.

"ஓடிஓடித் தேய்ஞ்சது போதும். திங்கக்கிழமை உள்ளதைச் சொல்லிடு" என்றார் கணவர்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தலைமை அலுவலக அதிகாரி வந்தார். ஐம்பதை ஒட்டிய பெண்மணி; ஒரு கையில் கோப்பு, மறுகையில் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ். பின்னால் நூலகர், புதுச் சட்டையில். கணவர் பாதி முகத்தில் நுரையோடு கதவைத் திறந்தார்.

"வாசகர் எங்கங்க? கொஞ்சம் கூப்பிடுங்க, போட்டோ எடுக்கணும்."

கணவர் சவரக்கத்தியால் சுவரைக் காட்டினார். "அதோ இருக்காரு. அசையவே மாட்டாரு, போட்டோ நல்லா விழும்."

அதிகாரி சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார். கீழே எழுதியிருந்த தேதியையும் பார்த்தார். நூலகருடைய சிரிப்பு எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றுவிட்டது.

"இறந்து ஒன்பது வருஷம் ஆச்சுங்க" என்றார் பம்பரத்தம்மா. "அட்டையை ரத்து பண்ணாதது நான். புத்தகம் எடுத்ததும் நான்தான். சாருக்கு எதுவும் தெரியாது."

"இருநூத்திப் பன்னெண்டு புத்தகத்துக்கும் சும்மா முத்திரை குத்தியிருக்கீங்க. யாரும் படிக்கல. அப்படித்தானே?"

"படிக்கலையா?" கணவர் குறுக்கே புகுந்தார். "என் கன்னத்தைப் பாருங்கம்மா. இந்த வெட்டு கடல்ல கப்பல் கவுந்தப்ப விழுந்தது. இது, பூகம்பம் எப்படி வருதுன்னு படிச்சப்ப. ஒன்பது வருஷமா இவ வாசிக்கிறதைக் கேட்டுக்கிட்டேதான் நான் சவரம் பண்றேன்."

அதிகாரி நம்பவில்லை. கோப்பைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார். "தேனீக்களுக்கு வரும் நோய்கள்."

இரவுப் பணி முடித்துத் திரும்பியிருந்த செவிலியர் மகள் உள்ளறையிலிருந்து கொட்டாவியோடு பதில் சொன்னாள்: "மூணாவது நோய் வந்தா கூட்டைத் திறந்ததுமே புளிச்ச வாடை அடிக்கும். நாலாவதுக்கு அம்மா புத்தகத்தை மூடிட்டாங்க."

விரல் நகர்ந்தது. "கலங்கரை விளக்கக் காவலரின் நாட்குறிப்பு."

"அதுவா?" கணவர் நுரையைத் துடைத்துக்கொண்டார். "நடுக்கடல்ல ஒத்தைப் பாறை. அதுல ஒரு விளக்கு, ஒரே ஆளு. தினம் விடியறப்ப கடல் பக்கத்துக் கதவை யாரோ மூணு தடவை தட்டுறாங்க. திறந்து பார்த்தா தண்ணியைத் தவிர ஒண்ணுமில்ல. பயந்துபோய் மேலதிகாரிக்குக் கடுதாசி எழுதுறான். படகு வந்து கடுதாசியை வாங்கிட்டுப் போகுது. மறுநாள் தட்டல் இல்ல. அப்பதான் அவனுக்கு அதைவிடப் பயமாயிடுது."

அதிகாரி தம்மையறியாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "அப்புறம்? யாரு தட்டினது?"

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார்.

"தெரியாதுங்க."

அதிகாரி இன்னும் ஐந்து நூல்களைக் கேட்டார். ஐந்துக்கும் தொடக்கம் கிடைத்தது. ஐந்திலும் பத்தாம் பக்கத்தோடு வழி அடைத்துக்கொண்டது.

"ஒண்ணுக்குக்கூட முடிவு தெரியாதா?" அதிகாரியின் குரலில் கோபத்தைவிட ஏமாற்றமே மிகுந்திருந்தது. பம்பரத்தம்மாவின் பணி வாழ்வில் அவர் மீது வீசப்பட்ட கடுமையான சொல் அதுவே. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் கப்பல்காரர் கேட்டதும் ஏறத்தாழ அதைத்தான்.

அதிகாரி எழுந்தார். தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. "அட்டை ரத்து. முத்திரையும் ரத்து. உங்க பணிப் பதிவேட்டுல எச்சரிக்கை ஏறும். சனிக்கிழமை நாலு மணிக்கு வண்டி வரும். அதுக்குள்ள உயிரோட இருக்கிற யாராவது ஒரு புத்தகத்தை எடுத்துட்டா, அது தப்பிச்சுது. நான் சலுகை காட்டுறேன்னு நினைச்சுடாதீங்க, சட்டமே அதுதான்." சான்றிதழைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, "அந்தக் கலங்கரை விளக்கம்..." என்று ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போய்விட்டார்.

ஓர் அட்டைக்கு இரண்டு நூல்கள். வீட்டில் உயிரோடிருந்த அட்டைகள் இரண்டு: கணவருடையதும் மகளுடையதும். ஆக நான்கு.

செவ்வாய்க்கிழமை முழுவதும் பம்பரத்தம்மா பட்டியலும் கையுமாக அலமாரிகளுக்கிடையே நடந்தார். தேனீயை எடுத்தார், வைத்தார். பாலம் கட்டிய பொறியாளரின் கடிதங்களை எடுத்தார். தாலாட்டுகள் தொகுத்த மருத்துவச்சியின் நூலைக் கண்டதும் அதை வைத்துவிட்டார். நாலை எடுப்பதென்றால் இருநூற்றெட்டைத் தம் கையாலேயே தள்ளுவதாகும். மதியம் சாப்பாட்டு வேளையில் கணவர் படியேறி வந்தபோது அவர் கையில் ஒன்றுமே இல்லை.

"முதல்ல அந்தக் கலங்கரை விளக்கத்தை எடு. இன்னிக்கே உக்காந்து முடிச்சுடலாம். எனக்கே தாங்கல."

"ஒண்ணை முடிக்கிற நேரத்துல எத்தனை போயிடும்னு தெரியுமா உங்களுக்கு?"

"இதையேதான் எங்கப்பாகிட்டயும் சொன்ன. எல்லாரையும் வாசல்ல நிறுத்தி வெச்சிட்டு நீ தெருத்தெருவா ஓடுற. ஒருத்தரையாவது உள்ள கூப்பிட்டு உக்கார வையேன்."

பம்பரத்தம்மா அடுத்த அலமாரிக்கு நகர்ந்தார். ஓட்டுநர் பட்டியலின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

அவருடைய பேருந்து கடைசி நிறுத்தத்தில் பன்னிரண்டு நிமிடம் நிற்கும். அன்று மாலை, ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலிருந்து வந்த கூட்டம் ஏறி உட்கார்ந்ததும், அவர் இருக்கையிலிருந்து திரும்பி, யார் கேட்டார்கள் என்றில்லாமல், நடுக்கடலில் ஓர் ஒற்றைப் பாறை இருந்த கதையைத் தொடங்கினார். தட்டல் நின்றுபோன இடம் வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து வண்டியைக் கிளப்பினார்.

"அண்ணே, அப்புறம்?" என்றார் துணி வெட்டும் பிரிவில் வேலை செய்யும் பெண்.

"அப்புறம் பன்னெண்டு நிமிஷம் முடிஞ்சுபோச்சும்மா."

"அட, யாரு தட்டினாங்கன்னாவது சொல்லிட்டு ஓட்டுங்கண்ணே!"

"எனக்குத் தெரிஞ்சா சொல்லமாட்டேனா? தபால் ஆபீஸ் மாடி. இருபத்திரண்டு படி. போய்ப் படிச்சிட்டு எனக்கும் சொல்லுங்க. சனிக்கிழமை வரைக்கும்தான் இருக்கும்."

"என்னண்ணே, பாதிக் கதைக்கு முழு டிக்கெட்டா?" என்று பின்னிருக்கையிலிருந்து ஒருவர் கேட்க, வண்டியே சிரித்தது. ஆனால் இறங்கும்போது நாலைந்து பேர் அந்தப் படிகள் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டார்கள்.

புதன், வியாழன், வெள்ளி. ஒரு நாளைக்கு ஏழு தடவை கடைசி நிறுத்தம், ஏழு தொடக்கங்கள். பிரசவ வார்டில் மகளும் மருத்துவச்சியின் தாலாட்டுகளிலிருந்து தெரிந்த அளவுக்குப் பாடி, பாதியில் நிறுத்தினாள். படிகளில் ஆள் ஏறும் ஓசை கேட்கத் தொடங்கியது. நூலகர், திங்கட்கிழமை முதல் பம்பரத்தம்மாவோடு முகம் கொடுத்துப் பேசாதவர், உறுப்பினர் படிவங்கள் தீர்ந்துபோனதும் தாமே கையால் கோடு போட்டுத் தயாரித்தார். வெள்ளிக்கிழமை மாலை, "அந்தப் பாலம் கட்டினவர் கடிதம் எந்த அலமாரிம்மா?" என்று ஒரு குழாய்ப் பழுதுகாரருக்காகக் கேட்டபோதுதான் அவர் கோபம் தீர்ந்தது தெரிந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு எண்ணினார்கள். இருபத்தொன்பது அட்டைகளில் ஐம்பத்தெட்டு நூல்கள். வீட்டு அட்டைகளில் நான்கு. அறுபத்திரண்டு தப்பின. நூற்றைம்பது மிஞ்சின.

வண்டியோடு வந்தவர்கள் ஒன்பது சாக்குகளில் கட்டினார்கள். பம்பரத்தம்மா அவர்களுக்கும் அலமாரிக்கும் இடையே நடந்துகொண்டேயிருந்தார். ஒரு நூலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து நாலு வரி படிப்பார், சாக்கில் போடுவார், அடுத்ததை எடுப்பார்.

"வழி விடுங்கம்மா, இன்னும் ரெண்டு கிளைக்குப் போகணும்" என்றார் சுமை தூக்குபவர்.

"இருங்க, இது ஒண்ணு. இதோட கடைசியை மட்டும்."

பதினேழு கடைசிப் பக்கங்களைப் படித்தார். நடுவில் நடந்தது தெரியாததால் ஒன்றும் விளங்கவில்லை. யாரோ ஒருவர் வீடு திரும்புகிறார். யாரோ ஒரு கடிதத்தைக் கிழித்துப் போடுகிறார். படிகளில் சாக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின.

இரண்டு வாரம் கழித்து, துணி வெட்டும் பெண் கலங்கரை விளக்கத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். பம்பரத்தம்மாவின் முத்திரை பிடித்த கை அந்தரத்தில் நின்றது.

"யாரும்மா தட்டினது?"

"ஆளே இல்லைங்க. கதவுக்கு மேல ஒரு சன்னல் பலகை. ஆணி கழண்டு, விடியக்காத்துக்கு அடிச்சுக்கிட்டிருந்திருக்கு. கடுதாசி வாங்க வந்த படகுக்காரன் போற போக்குல ஆணி அடிச்சிட்டுப் போயிட்டான். காவலாளிக்கு அது கடைசியிலதான் தெரியுது. தெரிஞ்சதும் என்ன பண்றான் தெரியுமா? ஏணி போட்டு ஏறி, அந்த ஆணியைப் பிடுங்கிடறான். தனியா இருக்க முடியலையாம்." அவர் சற்று நிறுத்தினார். "எனக்கு ரெண்டு நாள் அது மனசை விட்டுப் போகலைங்க."

பம்பரத்தம்மா முத்திரையைக் கீழே வைத்தார். அலமாரியின் முதல் வரிசைக்குப் போனார், காலியாய்க் கிடந்த இடத்தைத் தடவினார், திரும்பி வந்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

அந்த நோட்டு இன்றும் குடும்பத்தில் இருக்கிறது. நீளவாட்டு, நானூறு பக்கம், நீல அட்டை. ஆலைக்குப் போன நூற்றைம்பது நூல்களின் பெயர்களும் வரிசை எண்ணிட்டு எழுதப்பட்டுள்ளன. இடப்பக்கம் தொடக்கம்: பம்பரத்தம்மா நடந்தபடி சொல்ல மகள் எழுதியது, சில இடங்களில் "அப்பாவுக்கு நினைவிருப்பது வேறு மாதிரி" என்று குறிப்பும் உண்டு. வலப்பக்கம் முடிவுக்கு. எங்கோ எப்போதோ அந்த நூலைப் படித்தவர்கள் கிடைத்தால் நிரப்புவதற்காக விடப்பட்டது. தப்பிய அறுபத்திரண்டின் முடிவுகள் நோட்டின் பின்பகுதியில் தனியே உள்ளன. அவற்றில் ஒன்பதைப் பம்பரத்தம்மாவே கடைசிவரை படித்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தா என்பது பற்றிக் குறிப்பு இல்லை.

நூற்றைம்பதுக்கும் மேலே, எண் இடப்படாமல், ஒரு பெயர் இருக்கிறது: கிணறு வெட்டுகிறவர்களின் கதைகள், பச்சை அட்டை. அதன் இடப்பக்கமும் வெறுமை, வலப்பக்கமும் வெறுமை.

பணி ஓய்வு பெற்ற பிறகு அவர் இன்னும் அதிகமாக நடக்கிறார். அந்த நோட்டு கைப்பையை விட்டு இறங்குவதில்லை. வங்கி வரிசை, பேருந்து, பல் மருத்துவரின் முன்னறை என எங்கே நாலுபேர் காத்திருந்தாலும் அவர் கேட்டுவிடுவார். பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்குவார்கள். சிலர் இடம் மாறி உட்கார்வார்கள். வலப்பக்கத்தில் இதுவரை பதினொன்று நிரம்பியிருக்கிறது.

சென்ற மாதம் கண் மருத்துவமனையில், சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் முன்னால் போய் நின்றார்.

"ஏம்மா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. கிணறு வெட்டுறவங்க கதை, பச்சை அட்டை, ஒல்லியா ஒரு புத்தகம். எப்பவாவது படிச்சிருக்கீங்களா?"

"அட, எங்க அண்ணன் வெச்சிருந்தான்!" அந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார். "ஆனா நான் பாதிதான் படிச்சேன்."

பம்பரத்தம்மா அவருக்குப் பக்கத்தில் காலியாயிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பரவாயில்லம்மா. எந்தப் பாதி?"